நெருப்பா, நீரா? பாறைப் பாடம் எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பள்ளிப் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நெடுங்காலம் பள்ளியில் புவியியல் நடத்தியவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பாறைப் பாடத்தைத் திருத்த உட்காரும்போது, "பாறைகள் மூன்று வகைப்படும்" என்ற வரிக்கு முன்னால் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். பாறை உண்டானது நெருப்பிலா நீரிலா என்று ஐரோப்பாவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த வாதம் அந்தப் பக்கங்களில் வரவேண்டும்.

கிரானைட் தீப்பாறை (உருகிய குழம்பு உறைந்த பாறை) என்று எழுதினால் ஒரு மதிப்பெண். எழுதிய பிள்ளையிடம் "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்று சொல்லும். எரிமலைக்குழம்பு வழிந்து உறைவதைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு. கிரானைட் உறைவதை இதுவரை ஒருவரும் கண்டதில்லை. அது பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், மனித ஆயுளுக்குள் அடங்காத நிதானத்தில் நடப்பது. கண்ணால் காண முடியாத ஒன்றை இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடிந்தது என்பதுதான் அறிவியல். அதை விட்டுவிட்டு முடிவை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

முதலில் ஆபிரகாம் காட்லோப் வெர்னரைப் பற்றி. இவரைக் குறிப்பிடும் நூல்களில் பெரும்பாலானவை "எல்லாப் பாறையும் கடலில் படிந்தது என்று தவறாக நினைத்தவர்" என்று ஒரு வரியில் முடித்துவிடும். அப்படி முடித்துவிடாதீர்கள். 1775இல் ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள ஃபிரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, 1817இல் இறக்கும்வரை அங்கேயே பாடம் நடத்தியவர் அவர். அது வெள்ளிச் சுரங்க ஊர். எந்தப் பாறைக்குக் கீழே எந்தப் பாறை வரும் என்று தெரியாமல் அங்கே பிழைக்க முடியாது. வெர்னர் அதற்கு ஒரு வரிசை கொடுத்தார். ஆதியில் பூமி முழுவதையும் ஒரு கடல் மூடியிருந்தது. அதில் கரைந்திருந்தவை உப்பளத்தில் உப்பு பூப்பதுபோல முதலில் கிரானைட்டாகவும் வரிவரியான நைஸ் பாறையாகவும் படிந்தன. கடல் வற்ற வற்ற, அவற்றின்மேல் சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் நிலக்கரியும் அடுக்கடுக்காக உட்கார்ந்தன. எரிமலையோ அண்மைக் காலத்துச் சமாச்சாரம். நிலக்கரிப் படுகை உள்ளே தீப்பற்றி எரிவதால் வருவது. ரோமானியரின் கடல் தெய்வமான நெப்டியூனின் பெயரால் இவரது அணியை நெப்டியூனியர் என்றார்கள்.

கையில் சான்று வைத்துக்கொண்டுதான் அவர் இதைச் சொன்னார். சாக்சனியில் ஷைபன்பெர்க் என்று ஒரு குன்று இருக்கிறது. 1780களின் கடைசியில் வெர்னர் அங்கே போனார். வெட்டிய சரிவில் அடியில் மணல், அதன்மேல் களிமண், அதன்மேல் கெட்டியான களிப்பாறை, உச்சியில் தூண்தூணாகப் பிளந்த, பசால்ட் என்ற கறுப்புப் பாறை. மணல் களியாகவும், களி பசால்ட்டாகவும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதுபோலக் கண்ணுக்குத் தெரிந்தது. மணலும் களியும் நீரில் படிந்தவை என்றால், இடையில் கோடு இல்லாமல் தொடரும் பசால்ட் மட்டும் எப்படி நெருப்பில் பிறக்கும்? அந்தச் சரிவுக்கு முன்னால் நிற்கும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும். உண்மையில் அந்த மணலும் களியும் ஒரு பழைய ஆற்றுப் பள்ளத்தில் படிந்தவை. பிறகு அந்தப் பள்ளத்தில் எரிமலைக்குழம்பு ஓடி உறைந்திருக்கிறது. கல் நாள்பட உளுத்துக் களியாகிவிட்டதால் எல்லைக்கோடு மங்கிப்போனது. வெர்னர் கண்ட காட்சியில் பிழை இல்லை. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை. இந்த வேறுபாட்டைப் பத்தாம் வகுப்புக்குள் ஒரு பிள்ளை புரிந்துகொண்டால் அதன் வாழ்நாள் முழுவதற்கும் உதவும்.

இதற்கு முன்பே பிரான்சில் வேறொரு கதை தொடங்கிவிட்டது. 1751இல் ஜான் எட்டியன் கெட்டார் என்ற இயற்கையாளர் ஒவெர்ன் பகுதிக்குப் பயணம் போனபோது, வழியில் மைல்கற்களுக்குப் பயன்பட்டிருந்த கறுப்புக் கல்லைப் பார்த்தார். அது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டே வோல்விக் கல்குவாரிவரை போனார். சுற்றியிருந்த மலைகள் எல்லாமே அணைந்த எரிமலைகள் என்று கண்டார். ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மலைகளின்மேல் ஆடுமாடு மேய்த்திருக்கிறார்கள். எரிமலை என்று எவருக்கும் தெரியாது. ஆனால் இதே கெட்டார் 1770இல், தூண்தூணாக நிற்கும் பசால்ட் நீரில் படிகமானது என்று எழுதினார். ஒரே மனிதர் ஒன்றைச் சரியாகக் கண்டு, பக்கத்தில் இருந்ததைத் தவறவிட்டார். ஒரு விஞ்ஞானி ஒரு விஷயத்தில் சரியாக இருந்தால் எல்லாவற்றிலும் சரியாக இருப்பார் என்ற நினைப்பைப் பிள்ளைகள் மனத்திலிருந்து எடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கெட்டார் விட்டதை நிக்கொலா தெமாரே பிடித்தார். 1763இல் அதே ஒவெர்னில் பசால்ட் தூண்களைப் பார்த்தார். அவை தனியாக நிற்கவில்லை. பின்தொடர்ந்து நடந்தால், அந்தக் கல் ஒரு பழைய லாவா (எரிமலைக்குழம்பு) ஓட்டத்தின் பகுதி என்று தெரிந்தது. அந்த வட்டாரத்துக்கே வரைபடம் போட்டு, எந்த ஓட்டம் எந்த எரிமலை வாயிலிருந்து வந்தது என்று காட்டினார். வயதான காலத்தில், பசால்ட் வாதத்துக்கு யாராவது வந்தால் அவர் தரும் ஒரே பதில் "போய்ப் பாருங்கள்" என்பதுதானாம்.

இப்போது ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வருகிறேன். ஜேம்ஸ் ஹட்டன் மருத்துவம் படித்தவர். ஆனால் தொழில் செய்யவில்லை. தெற்கு ஸ்காட்லாந்தில் தன் பண்ணையில் விவசாயம் பார்த்தார். மழை வயல் மண்ணைக் கரைத்து ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படியே போனால் ஒருநாள் நிலமே கரைந்து தீர்ந்துவிடாதா? தீரவில்லை என்றால், கடலடியில் சேர்ந்த மண்ணைக் கல்லாக்கி மறுபடி மேலே தூக்கும் ஒரு சக்தி பூமிக்குள் இருக்க வேண்டும். அந்தச் சக்தி பூமியின் உள்வெப்பம் என்றார். 1785இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் இந்தக் கருத்து வாசிக்கப்பட்டது. முதல் நாள் ஹட்டனுக்கு உடம்பு சரியில்லாததால், நண்பரான வேதியியலாளர் ஜோசப் பிளாக்தான் வாசித்தார். பாதாள தெய்வம் புளூட்டோவின் பெயரால் இந்த அணி புளூட்டோனியர் எனப்பட்டது.

கருத்தைச் சொல்லிவிட்டுச் சான்று தேடிப் புறப்பட்டார் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். கிரானைட் உருகிய குழம்பாக இருந்தது உண்மையானால், அது பக்கத்துப் பாறையின் பிளவுகளுக்குள் புகுந்திருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், ஆற்றுப்படுகையில், தகடுதகடாகப் பிளக்கும் கறுத்த சிஸ்ட் பாறைக்குள் சிவப்பு கிரானைட் நரம்புநரம்பாகப் பாய்ந்திருப்பதைக் கண்டார். அவர் துள்ளிய துள்ளலைப் பார்த்து, வழிகாட்ட வந்தவர்கள் தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்று நினைத்தார்களாம். ஒன்றுக்குள் ஒன்று புக வேண்டுமென்றால், புகுந்தது திரவமாக இருந்திருக்க வேண்டும். புகுந்த இடம் ஏற்கெனவே கெட்டியாக இருந்திருக்க வேண்டும். ஆக, அந்த கிரானைட் அந்த சிஸ்ட்டுக்குப் பிந்தியது. உலகின் முதல் பாறை கிரானைட் என்ற வெர்னரின் வரிசை அந்த ஆற்றங்கரையில் உடைந்தது. இங்கே ஒரு படம் போதும். பிள்ளையே வயது வரிசையைக் கண்டுபிடித்துவிடும்.

1788இல் ஹட்டனும் அவர் நண்பர்கள் ஜான் பிளேஃபேரும் ஜேம்ஸ் ஹாலும் ஒரு படகில் ஏறி, சிக்கார் பாயின்ட் என்ற கடல்முனைக்குப் போனார்கள். கீழே சாம்பல் நிறப் பாறையடுக்குகள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலையைச் சீவிவிட்ட பரப்பின்மேல் செம்மணற்கல் அடுக்குகள் லேசான சரிவில் படுத்திருக்கின்றன. கிடையாகப் படிந்தவை நிமிர்ந்து நிற்க வேண்டும், கடலுக்கு மேலே வர வேண்டும், தேய்ந்து சமமாக வேண்டும், அவற்றின்மேல் புதிதாக மணல் படிய வேண்டும், அதுவும் கல்லாக வேண்டும். காலத்தின் படுகுழியை அவ்வளவு தூரம் எட்டிப் பார்த்ததில் மனம் கிறுகிறுத்ததாகப் பிளேஃபேர் பின்னாளில் எழுதினார். கீழே இருப்பது சுமார் 43 கோடி ஆண்டு, மேலே இருப்பது சுமார் 37 கோடி ஆண்டு என்று இன்று கணக்கிட்டிருக்கிறோம். ஹட்டனிடம் இந்த எண்கள் இல்லை. பூமிக்கு ஆறாயிரம் ஆண்டு வயது என்று படித்தவர்களிலும் பலர் நம்பிய காலம் அது. அயர்லாந்து வேதியியலாளர் ரிச்சர்ட் கிர்வன், ஹட்டனின் கருத்து பைபிளுக்கு விரோதமானது என்றே தாக்கினார். ஆனால் இந்த வாதம் முழுவதையும் மதத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த போராக எழுதிவிட வேண்டாம். நெப்டியூனியரின் கேள்விகளில் கனமானவை வேறு இடத்திலிருந்து வந்தன.

அந்தக் கேள்விகளில் இரண்டைச் சொல்கிறேன். பாறையை உருக்கிக் குளிரவிட்டால் கண்ணாடிதான் கிடைக்கிறது. கிரானைட்டிலும் பசால்ட்டிலும் படிகங்கள் அல்லவா இருக்கின்றன? சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் காற்று (கரியமில வாயு) பிரிந்து சுண்ணாம்பாக நீறிவிடுகிறது. அப்படியிருக்க வெப்பம் எப்படி அதைச் சலவைக்கல்லாக்கும்? காளவாசல் பார்த்த எவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. ஆழத்தில் இருக்கும் அழுத்தம் காற்றை வெளியே விடாது என்றார் ஹட்டன். அது சொல்தான், சோதனை இல்லை. சோதித்துப் பார்க்க ஜேம்ஸ் ஹால் ஆசைப்பட்டபோது ஹட்டனுக்கு அது பிடிக்கவில்லை. அடுப்பை மூட்டி, ஒரு சிறிய மூசையின் (உருக்கும் கிண்ணத்தின்) அடியைப் பார்த்துவிட்டு, பூமியின் பெருஞ்செயல்களைத் தீர்மானிக்க முடியாது என்பது அவர் எண்ணம். நண்பரின் மனம் நோகக் கூடாதென்று ஹால் காத்திருந்தார். 1797இல் ஹட்டன் இறந்த பிறகுதான் சோதனைகளில் முழுமூச்சாக இறங்கினார்.

முதல் கேள்விக்கு வழி லீத் துறைமுகத்துக் கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து கிடைத்தது. அங்கே உருகிய கண்ணாடி ஒருமுறை தற்செயலாக மிக மெதுவாகக் குளிர்ந்து, பளபளப்பு போய்க் கல்லாகிவிட்டது. ஹால் எடின்பரோவின் கறுப்புக் கல்லையும், வெசூவியஸ், எட்னா எரிமலைகளின் லாவாவையும் உருக்கினார். சட்டென்று குளிரவிட்டால் கண்ணாடி. மெதுவாகக் குளிரவிட்டால் படிகமுள்ள கல். 1798இல் இதை எடின்பரோ ராயல் சொசைட்டியில் வாசித்தார். இரண்டாம் கேள்விக்குப் பட்ட பாடு பெரிது. சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கித் துப்பாக்கிக் குழலில் அடைத்து, வாயை மூடி, உலையில் வைத்தார். வெடித்த குழல்கள் உண்டு. காற்று கசிந்து வீணானவை உண்டு. விடாமல் செய்தார். 500க்கும் மேற்பட்ட சோதனைகள். கடைசியில் குழலைத் திறந்தால் உள்ளே நீறு இல்லை. பொடி இறுகிச் சலவைக்கல்போல ஒரு கட்டியாக இருந்தது. பூமியின் ஆழத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்த முதல் ஆட்களில் ஒருவர் ஹால். ஆசான் வேண்டாம் என்று சொன்ன வழியிலேயே போய் ஆசானின் கருத்தைக் காப்பாற்றினார். எனக்கு இந்த வாதம் முழுவதிலும் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான்.

அயர்லாந்தின் வடகரையில் போர்ட்ரஷ் என்ற ஊரில் நடந்ததையும் சேருங்கள். அங்கே கடலோரத்தில் கறுத்த, கெட்டியான, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பாறை. பார்த்தால் பசால்ட். அதற்குள் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் சுருள்சுருளான கிளிஞ்சல்கள். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற பாதிரியார் இதைப் பெரிய சான்றாகத் தூக்கிப்பிடித்தார். நெருப்புக் குழம்புக்குள் கடல்கிளிஞ்சல் எப்படிப் பிழைக்கும்? ஆகவே பசால்ட் நீரில்தான் பிறந்தது. மறுக்கவே முடியாது என்று தோன்றும். ஆனால் பிளேஃபேர், கிளிஞ்சல் இருக்கும் கல் பசால்ட்டே இல்லை என்றார். அது கடலடிச் சேறு இறுகிய களிமண்பாறை. பக்கத்தில் புகுந்த உருகிய பாறையின் சூட்டில் வெந்து, பசால்ட்போலக் கறுத்துக் கெட்டிப்பட்டுவிட்டது. உற்றுப் பார்த்தால் அடுக்குகள் தெரியும், படிகம் தெரியாது. நெப்டியூனியரின் மிகப் பெரிய சான்றே, நெருப்பு பக்கத்துப் பாறையை என்ன செய்யும் என்பதற்குச் சாட்சியாக முடிந்தது.

தீப்பாறை, படிவுப்பாறை இரண்டுக்கும் பிறகு உருமாறிய பாறை என்று நாம் மூன்றாவதாக எழுதுகிறோமே, அது இப்படிப்பட்ட இடங்களிலிருந்து பிறந்ததுதான். வெர்னரின் வரிசையில் அதற்கு இடமில்லை. சூடும் அழுத்தமும் பாறையை வேறொன்றாக்கும் என்பது நிலைபெற்ற பிறகு, 1833இல் பிரிட்டிஷ் நிலவியலாளர் சார்லஸ் லயல் அந்த வகைக்குப் பெயர் வைத்தார். பாடநூலில் ஒரே வரியில் உட்கார்ந்திருக்கும் மூன்று பெயர்களுக்கும் ஒரே வயது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெர்னரின் மாணவர்கள் மனம் மாறிய விதத்தை ஒரு பத்தியிலாவது சொல்லுங்கள். தொபுய்சோன், சாக்சனியின் பசால்ட் நீரில் படிந்தது என்று 1803இல் எழுதியவர். மறு ஆண்டே ஒவெர்னுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, அதைப் பாரிசில் அறிவியல் அவையின் முன் சொன்னார். லியோபோல்ட் ஃபோன் பூக் இத்தாலியையும் ஒவெர்னையும் கண்டு சிறிது சிறிதாக ஆசிரியரின் கொள்கையை விட்டு விலகினார். எல்லோரும் அப்படி மாறவில்லை. ஃபிரைபெர்க்கில் படித்துவிட்டு வந்த ராபர்ட் ஜேம்சன், ஹட்டனின் சொந்த ஊரான எடின்பரோவிலேயே 1808இல் வெர்னர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார். 1820களில் அங்கே மருத்துவம் படிக்க வந்த சார்லஸ் டார்வின் அவர் வகுப்பில் உட்கார்ந்தார். சாலிஸ்பரி கிராக்ஸ் குன்றில், இருபுறமும் பாறை சூட்டில் இறுகி நிற்க, நடுவே ஓடும் கறுப்புப் பாறைச் சுவரைக் காட்டி, மேலிருந்து வண்டல் இறங்கி நிரம்பிய பிளவு அது என்று பேராசிரியர் சொன்னதையும், இனி நிலவியல் பக்கமே போவதில்லை என்று தான் முடிவு செய்ததையும் டார்வின் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளில் லயலின் நூலோடு கப்பலேறித் தென்னமெரிக்கப் பாறைகளைத் தட்டிக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை.

ஹட்டனை முழு வெற்றியாளராகவும் எழுதிவிடாதீர்கள். மணல் மணற்கல்லாவதும் வெப்பத்தில் இளகித்தான் என்று அவர் நம்பினார். தீக்கல் எனும் சிக்கிமுக்கிக் கல்லும் உருகி உறைந்தது என்றார். இரண்டுமே தவறு. மணற்பருக்கைகளைப் பெரும்பாலும் ஒட்டவைப்பது, நிலத்தடி நீர் கரைத்துக் கொண்டுவரும் சிலிக்காவும் சுண்ணாம்பும்தான். பாறை உப்பும் ஜிப்சமும் வெர்னர் சொன்னபடி வற்றும் நீரிலிருந்து படிகின்றன. கிரானைட்டுக்கே இன்னொரு திருப்பம் உண்டு. அழுத்தத்தில் நீர் கலந்திருந்தால் கிரானைட் மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகும் என்பதை டட்டில், போவன் என்ற ஆய்வாளர்கள் இருவரின் சோதனைகள் காட்டின; 1958இல் அந்த ஆய்வு முழுமையாக வெளிவந்தது. நெருப்புப் பாறை பிறப்பதிலும் நீருக்குப் பங்கு இருக்கிறது.

நம் ஊரிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. சென்னை பரங்கிமலை, பல்லாவரம் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறைக்கல் இதே வகைப் பாறை என்று 1893இல் எழுதி, அவர் பெயரையே வைத்தார். 1900இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், இது உருகி உறைந்த தீப்பாறை என்றார். பிற்பாடு வந்தவர்கள், மிகுந்த வெப்பத்தில் உருமாறியது என்றார்கள். இருபதாம் நூற்றாண்டு முழுக்க வாதம் ஓடியது. கர்நாடகத்தில் கப்பல்துர்கா கல்குவாரியில் நைஸ் பாறைக்குள் திட்டுத்திட்டாகச் சார்னோகைட் உருவாகி நிற்பதை நிலவியலாளர் பிச்சமுத்து 1960இல் எழுதினார்; உருமாற்றத்தைப் பாதி வழியில் பிடித்த காட்சி அது. பரங்கிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. சென்னையில் மின்ரயிலில் போகும் பிள்ளை சன்னல் வழியே பார்க்கும் மலை அது. பாடத்தில் அதன் பெயர் வரட்டும்.

நான் கேட்பதெல்லாம் கைக்கு எட்டுகிற காரியங்கள். கிளென் டில்ட் நரம்புகளுக்கும் சிக்கார் பாயின்ட்டுக்கும் தெளிவான கோட்டுப் படங்கள் போடுங்கள். புகைப்படம் பல நேரம் பிள்ளைகளைக் குழப்பும். ஹாலின் துப்பாக்கிக் குழலுக்கு ஒரு பெட்டிச் செய்தி கொடுங்கள். வெர்னரின் படத்தை ஹட்டனின் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில் அச்சிடுங்கள். "மூன்று வகைகளின் பெயர் எழுதுக" என்ற வினாவோடு இன்னொரு வினாவையும் சேருங்கள்: "கடற்கரையில் கறுத்த, கெட்டியான ஒரு பாறை. அதற்குள் அம்மோனைட் கிளிஞ்சல்கள். இது நெருப்பில் பிறந்ததா, நீரில் பிறந்ததா? முடிவு செய்யும் முன் நீ அங்கே எவற்றையெல்லாம் பார்ப்பாய்?" ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பில், நெருப்பு என்று எழுதிய பிள்ளைக்கும் நீர் என்று எழுதிய பிள்ளைக்கும், எதைப் பார்ப்பேன் என்று காரணத்தோடு எழுதியிருந்தால் நான்கு மதிப்பெண் போடலாம் என்று திருத்துவோருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஐந்தாவது மதிப்பெண், பக்கத்தில் வேறு பாறை ஏதாவது இருக்கிறதா என்று தேடும் பிள்ளைக்கு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்